முள் சிவப்புக்குப் போகவே இல்லை

பெயர்: துளசி த/பெ மாயாண்டி. வயது: 24. தொழில்: ஜெலாப்பாங்கில் உள்ள கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர். முகவரி: வீடு எண் 17, பழைய ரப்பர்த் தோட்டத்து லயம், காம்பார்.

ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்த நான் மறுபடியும் போலீஸ் நிலையத்துக்கு வந்து ஐயாவின் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். விபத்தன்று, வேனின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் சிவப்பில் இருந்ததா என்று என்னிடம் கேட்கப்பட்டது. இல்லை, நடுவரைதான் ஏறியது என்று சொன்னேன். எஞ்சின் சூடு சாதாரண நிலையில் இருந்ததாக எழுதப்பட்டது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இப்போது அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, வண்டியில் கோளாறே இல்லை, தண்ணீர் பார்க்காமல் ஓட்டிய ஓட்டுநர் யுகேந்திரன்தான் குற்றவாளி என்று வேன் உரிமையாளர் தனேஸ்வரன் சொல்லி வருகிறார். யுகேந்திரனின் லைசென்ஸ் பறிபோகும் என்கிறார்கள். எனக்கு நேரில் பேச வராது. பாதியில் நின்றுவிடுவேன். ஆகவே ஐயாவின் அனுமதியோடு என் கைப்படத் தமிழில் எழுதித் தருகிறேன்.

எங்கள் லயத்து வீடுகளிலிருந்து வேலைக்குப் போகிறவர்களை அந்த வேன்தான் தினமும் ஏற்றிச் செல்லும். அது பழைய வேன், முன் இருக்கைக்கு அடியில்தான் எஞ்சின் இருக்கிறது. எஞ்சின் மூடியின் கொக்கி உடைந்து, கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அந்த மூடியின்மேல் துணி மடித்துப் போட்டுப் பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா உட்காருவார். நான் ஓட்டுநருக்குப் பின்னால் உட்காருவேன். மற்றவர்களோடு பேசிக்கொண்டு போகும் பழக்கம் எனக்கு இல்லாததால், அவர் தோளுக்கு மேலே தெரியும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது வேன் சூடேறி நின்றது. அதன் பிறகு கோப்பேங்கில் ஒரு பட்டறைக்குத் தள்ளிச் சென்றோம். தனேஸ்வரனும் வந்தார். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இறுகிவிட்டது, புதியது ஈப்போவிலிருந்து வரவேண்டும், ஒரு நாள் பொறுங்கள் என்று பட்டறைக்காரர் மலாயில் சொன்னார். அதற்குத் தனேஸ்வரன், "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு லா? கழட்டிப் போட்டுட்டு மூடு" என்றார். பட்டறைக்காரர் அப்படியே செய்தார். இனிமேல் முள் கீழேயே நிற்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நானும் யுகேந்திரனும் பக்கத்தில் நின்று கேட்டோம்.

அதன் பிறகு முள் அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில்தான் நின்றது. மேட்டில் ஏறினாலும், நெரிசலில் நின்றாலும், ஏர்கோன் போட்டாலும் அதைத் தாண்டியதில்லை.

விபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, முள் நடுவுக்கு வந்ததைப் பார்த்து யுகேந்திரனிடம் சொன்னேன்.

"நடுவுல இருந்தா நல்லதுதானே தங்கச்சி? எல்லாக் காடியும் அங்கதான் நிக்கும்."

"நம்ம காடி அங்க நிக்காதே அண்ணே."

அவர் வேனை ஓரம் நிறுத்தி, தனேஸ்வரனைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"யாரு சொன்னா, அந்த டிகிரி புள்ளையா? அத கையுறைய எண்ணச் சொல்லு. நடுவுலதானே இருக்கு, ஓட்டு லா!"

எல்லோரும் சிரித்தார்கள். யுகேந்திரன் போனை வைத்துவிட்டு வேனை எடுத்தார்.

விபத்து நடந்த திங்கட்கிழமை காலை நாங்கள் ஏறுமுன் யுகேந்திரன் தண்ணீர் ஊற்றினார். ஒரு பெரிய புட்டி போதாமல் என் குடிநீர்ப் புட்டியையும் வாங்கி ஊற்றினார். "முன்னல்லாம் இவ்ளோ குடிக்காதே" என்றார். அவர் தண்ணீர் பார்க்கவில்லை என்பது பொய். என் புட்டி இன்னும் அந்த வேனில்தான் கிடக்கிறது.

கோப்பேங் தாண்டியதும் முள் மறுபடியும் நடுவுக்கு வந்தது. "அண்ணே, முள்ளு" என்றேன். "பாத்துட்டேன்மா, எண்ணெய்க் கடையில நிப்பாட்டுறேன்" என்றார். வீரம்மா அக்கா திரும்பி, "ஏம்மா, ஒனக்குப் பரீச்ச முடிஞ்சும் மார்க் போடுற புத்தி போகலயா?" என்று கேலி செய்தார். அவர் அப்படிச் சொல்லும்போதே முள் சரசரவென்று அடிவரை இறங்கியது. "பாத்தியா, ஆறிருச்சு" என்று யுகேந்திரன் பெருமூச்சு விட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும், தண்ணீர் அதற்குக் கீழே குறைந்துவிட்டால் எஞ்சின் கொதித்தாலும் முள் இறங்கலாம் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பெட்ரோல் போடும் அந்த எண்ணெய்க் கடை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கைக்கு அடியில் ரப்பர்க் குழாய் வெடித்தது. மூடியின் இடுக்கு வழியாகக் கொதிநீரும் ஆவியும் வந்தன. வீரம்மா அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெந்துவிட்டன. யுகேந்திரன் வேனை நிறுத்தி, அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதில் யுகேந்திரனின் கையும் வெந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அக்கா, "மடிச்சுப் போட்ட துணி நனைஞ்சிருச்சே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

முள் சிவப்புக்குப் போகவே இல்லை. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத அந்த வேனுக்கு முள் நடுவில் நின்றாலே ஆபத்துதான். தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் வழக்கத்தை விட்டு விலகினால் நிறுத்திப் பார்க்கச் சொல்லி எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வேனில் அதையே சொன்னதற்குச் சிரித்தார்கள். இங்கே சொன்னபோது ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

மேலே இருப்பவை நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். படித்தறிந்ததைப் படித்ததென்றே குறித்திருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. திரும்ப வாசித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

ஒன்றைக் கேட்கத் தயங்கிக் கடைசிவரை வைத்திருந்தேன். வேன் இப்போது தனேஸ்வரனுக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் ஜெலாப்பாங்கில் நிற்கிறது. இன்று மதியம் தொழிற்சாலையிலிருந்து இங்கே வரும் வழியில் பார்த்தேன், முன் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்திருக்கிறார்கள். புதிய தெர்மோஸ்டாட்டை உள்ளே வைத்து மூடிவிட்டால் நான் எழுதியது வெறும் பேச்சாகிவிடும். தயவுசெய்து அதற்கு முன், இன்றைக்கே, ஒருவரை அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

(ஒப்பம்)
துளசி த/பெ மாயாண்டி