தட்டில் விழாத புள்ளி

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நம்மை விட்டுப் பிரிந்த பேராசிரியரின் கணவர் அவர்களே, மகளே, எல்லோருக்கும் வணக்கம். இருபத்தாறு ஆண்டுகள் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம் கசப்பக்கா! மூலிகைகளிலிருந்து ஆல்கலாய்டு என்னும் கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுப்பதே வேலை என்பதால் மாணவர்கள் வைத்த பெயர். அவருக்கே அது பிடித்துப்போய், தேநீர்க் கோப்பையில் எழுதி ஒட்டிக்கொண்டார். அந்தக் கோப்பையை யாராவது எடுத்தால் தொலைந்தார்கள். கிலோக்கணக்கில் வேரை உலர்த்தி, இடித்து, ஊறவைத்து, வடித்து, ஒரு சிட்டிகைப் படிகத்துக்காக மாதக்கணக்கில் நின்றவர். கால் வீங்கினாலும் நாற்காலியைத் தேடாதவர். இப்படி ஒருவரை இனி எங்கே போய்த் தேடுவது?

எனக்கு முன் பேசிய எல்லோரும் ஒரே சாதனையைப் புகழ்ந்தார்கள். இந்தப் பதாகையிலும் அவர் படத்துக்குப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது: மலைச்செடி ஒன்றின் வேரில் அவர் கண்டுபிடித்த புதிய ஆல்கலாய்டின் வடிவம். கட்டுரையில் அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. அந்தக் கட்டுரைதான் என்னைத் துறைத் தலைவர் ஆக்கியது.

மென்று விழுங்கியது போதும். சொல்லிவிடுகிறேன். அந்தப் பொருள் அந்தச் செடியில் இல்லை.

சலசலக்காதீர்கள், கேளுங்கள். பிரித்தெடுக்கும்போது நாங்கள் அம்மோனியா சேர்த்தோம். வழக்கமாகச் செய்வதுதான். வேரில் இருந்த வேறொரு பொருள் அதோடு சேர்ந்து ஆல்கலாய்டாக மாறியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிழையைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். அம்மோனியா இல்லாமல் ஏழு முறை எடுத்துப் பார்த்தார். ஆல்கலாய்டு இருந்தால் பரிசோதனைத் தட்டில் விழும் ஆரஞ்சுப் புள்ளி ஏழு முறையும் விழவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"செடியில இல்லண்ணே. நாமதான் ஊத்தி உண்டாக்கியிருக்கோம். கட்டுரைய வாபஸ் வாங்கிடலாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓய்வு பெறும்வரை பொறு என்றேன். யாருடைய ஓய்வு? என்னுடையது! வாபஸ் கடிதத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அவர் போட்டுக் கொடுத்தார். நான் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவர் கேட்கும்போதெல்லாம் மழுப்பினேன். அதற்குள் மூலிகை வியாபாரிகள் எங்கள் கட்டுரையை நம்பி, இல்லாத பொருளுக்காக அந்தச் செடியை மலையில் வேரோடு பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார். மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"கையெழுத்து போட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். அவர் எதையும் பாதியில் விடவில்லை, பெரியோர்களே. விட்டவன் நான். கடிதம் இதோ, என் சட்டைப்பையில். இன்றே அனுப்புகிறேன். செடியைப் பிடுங்குகிறவர்களிடம் நானே போய்ச் சொல்கிறேன். என் பதவியை என்ன செய்வதென்று முதல்வர் முடிவு செய்யட்டும். பதாகையில் அவர் முகம் மட்டும் போதும், மற்றதை மறைத்துவிடுங்கள்.

மகளே, மேலே வாம்மா. உன் அம்மா கையெழுத்துக்குக் கீழே மூன்று ஆண்டுகளாக ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. நீ பார்க்கப் போடுகிறேன்.