கீச்சிடும் கருவியும் வாழைக்குலையும்

ஹட்டன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எழுந்து இடம் கொடுக்க மனமில்லாமல் தூங்குவதுபோல நடித்தேன். வட்டகொடையில் பார்வையற்ற ஒரு பெண் தம்பியோடு ஏறினார். எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். அந்தப் பெண்ணின் ஒரு கையில் வெள்ளைப் பிரம்பு; மறு கையில் டோர்ச் அளவில் ஒரு கருவி. எதிரே ஏதாவது குறுக்கிட்டால் அது கீச்சிடுமாம். தூங்குகிறவனுக்குக் காது கேட்கத்தானே செய்யும்?

“அக்கா, இது தேயிலையப் பாத்தா கத்துது, தண்ணி ஓடுற கான் பள்ளத்தப் பாத்தா கம்முனு இருக்கு. இத நம்பியா தனியா வேலைக்குப் போகப் போறீங்க?”

“ரெண்டு பக்கமும் தேயிலைன்னா கத்தாம என்ன செய்யும்? தோட்டத்துக்குள்ள அத அணைச்சிருவேன். கானுக்குத்தான் பிரம்பு இருக்கே.”

“அப்ப இது எதுக்கு?”

“டவுனுக்குடா. கடை வாசல்ல தொங்குற வாழைக்குலைய பிரம்பு காட்டாது. போன வாரம் நெத்தியில வாங்கினேன்ல?”

“நானே தெனமும் கூட வர்றேனே.”

“ஒன் வேலைய விட்டுட்டா? இன்னைக்கு நீ பஸ்ஸ விட்டு எறங்கக் கூடாது. நான் ஒழுங்காப் போயிட்டா, நாளையில இருந்து தனியாத்தான்.”

ஹட்டனில் தம்பியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு அவர் மட்டும் இறங்கினார். தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கருவி கீச்சிடக் கீச்சிடக் கூட்டம் விலகியது. பழக்கடை முன்னால் நின்று, தலையைத் தாழ்த்தி, குலையைத் தாண்டி, மூலை திரும்பிவிட்டார். தம்பி பெருமூச்சு விட்டான்.

கண்டக்டர் சொன்னார்: “தலவாக்கலையில இருந்து நாங்களுந்தான் ஹோன் அடிச்சுக்கிட்டு வர்றோம். ஒரு ஆள் வெலகினானா?”