ஜெயப்பிரகாஷ் மேலே வரும் ஷாட்

வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள ஐம்பத்திரண்டு வயது ஒன்றும் அதிகம் இல்லை. கண்ணாடி சரியாக இருந்து, கொஞ்சம் பொறுமையும் இருந்தால் செல்போனிலேயே செய்யலாம். வாணியம்பாடியில் கல்யாண வீடியோ எடுக்கும் லியாகத் அலி எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தார். "பேச்சு ஜாஸ்தி ஆனா பேஜாரு, ஆதி சார். யாரு மூஞ்சி எப்ப வரணும்னு மட்டும் பாருங்க. கதை தானா வந்துடும்" என்றார்.

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் நான் பாதுகாப்பு சூப்பர்வைசர். மார்ச்சில் பாதுகாப்பு வாரத்துக்குத் தொழிலாளர்கள் நாடகம் போடுவது வழக்கம். இந்த வருஷம் குறும்படமாக எடுக்கலாம் என்று நான்தான் மேனேஜரிடம் கேட்டேன். வசனமும் என்னுடையதுதான். கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்கப் போகிறவன் மாஸ்க் வேண்டாம் என்கிறான். சூப்பர்வைசர் தடுத்துப் புத்தி சொல்கிறார். அவன் மாஸ்க் போட்டு இறங்கி, பத்திரமாக மேலே வருகிறான்.

சூப்பர்வைசராக நானே நடித்தேன். திமிர் பிடித்தவனாக நடிக்க யாரும் முன்வரவில்லை, ஜெயப்பிரகாஷைத் தவிர. எதைச் சொன்னாலும் மறுக்கத் தெரியாதவன். வசனம் எழுதிய தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் ஷெட் காலியாக இருந்தபோது போனை ஸ்டாண்டில் நிறுத்தி நாங்கள் இருவர் மட்டும் எடுத்தோம். "அதெல்லாம் வேணாம் சார், எனக்குப் பழக்கம்" என்ற ஒரு வரிக்கு ஏழு டேக் வாங்கினான். எனக்குச் சலிப்பாக இருந்தது.

முடிந்ததும் மாஸ்க்கைத் துடைத்து, மறுபடி பாலிதீன் கவரில் போட்டு, பீரோவில் பூட்டினேன். எங்கள் தோலை வாங்கும் வெளிநாட்டு கம்பெனியின் ஆட்கள் ஆடிட்டுக்கு வரும்போது அது புத்தம் புதிதாக இருக்க வேண்டும். நாலு வருஷமாக அதே மாஸ்க்தான், கவர் மட்டும் மாற்றுவேன்.

அடுத்த புதன்கிழமை ஆடிட். செவ்வாய் காலை தொட்டி அடைத்துக்கொண்டது. ஜெயப்பிரகாஷ் பீரோ முன்னால் வந்து நின்றான்.

"மாஸ்க் குடுங்க சார்."

"நாளைக்கு ஆடிட்டுப்பா. அஞ்சு நிமிஷ வேலை, போய்ட்டு வா" என்றேன்.

அதட்டவில்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் போனான். திரும்பி வரவில்லை.

அவன் மேல் தப்பு என்று முடிந்தால் நான் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. அன்று மாலையே உட்கார்ந்து எடிட் செய்தேன். "மாஸ்க் போட்டுக்கோ" என்று நான் சொல்வது. அவன் சிரிப்பது. "அதெல்லாம் வேணாம் சார், எனக்குப் பழக்கம்." பிறகு ஏணியில் இறங்கும் கால். உண்மையில் அந்த ஷாட்டில் மாஸ்க் போட்டிருந்தான், ஆனால் கால்தானே தெரிகிறது. தினமும் அதே நீலச் சட்டை, அதே கம்பூட்ஸ். நான் புத்தி சொல்லும் இடத்தை வெட்டிவிட்டேன். மொத்தம் பதினெட்டு வினாடி. விசாரணை அதிகாரியிடம், வேலை தொடங்குமுன் வீடியோ எடுப்பது எங்கள் வழக்கம் என்று சொல்லிக் கொடுத்தேன். நம்பினார். லியாகத் சொன்னபடி கதை தானாக வந்திருந்தது.

அதிகாரி அதை என் முன்னாலேயே ஜெயப்பிரகாஷின் மனைவி சோபனாவிடம் காட்டினார். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிற பெண். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். இரண்டாம் முறை அவன் வாய் திறக்கும் முன்பே அவள் சொன்னாள், "அதெல்லாம் வேணாம் சார், எனக்குப் பழக்கம்."

வீடியோ முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"'உனக்குப் பழக்கம்னா விஷவாயு உட்டுடுமா? உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?' இது ஆதி சார் சொல்ற வசனம் சார். எங்க வீட்டுக்காரருக்கு வசனம் மனசுல நிக்கல. நாலு நாளு வீட்டுல நான்தான் சூப்பர்வைசரா நின்னு சொல்லிக்குடுத்தேன்."

அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நான் எழுதிய வரியை என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

ஒத்துக்கொள்கிறேன். அவனை மாஸ்க் இல்லாமல் இறக்கியது நான். செத்த பிறகு அவனைத் திமிர் பிடித்தவன் ஆக்கியதும் நான். ஆனால் வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். கடைசி ஷாட் இன்னும் என் போனில் இருக்கிறது. ஜெயப்பிரகாஷ் ஏணியில் மேலே வந்து, மாஸ்க்கைக் கழற்றி, சிரிக்கிறான். போலீஸ் என்னைப் பிடித்துவரும் நாள்வரை தினமும் அதைப் போட்டுப் பார்த்தேன். நான் கெட்டவனாக இருந்தால் அதை அழித்திருப்பேன்.