தேதிக்கு இடம் விட்ட அட்டை

இல்லக்கா, விரல்ல அடிபட்டதெல்லாம் இல்ல. ஊதா கலரு. வாட்டர் கலர் பென்சிலோட கறை. எவ்வளவு தேய்ச்சாலும் நகக்கண்ணுல இருந்து போக மாட்டேங்குது, சனியன்.

எழுத்து எழுதறதுதாங்க்கா என் பொழப்பு. கல்யாணத்துக்கு வரவேற்பு அட்டை, கொழந்தைங்க ரூம் கதவுக்குப் பேரு, இப்படி. மொதல்ல பென்சிலால சும்மா எழுதிக்கணும். அப்புறம் பிரஷ்ஷ நனைச்சு ஓரமா ஓட்டுனா கலர் கரைஞ்சு ஒரு பக்கம் அழுத்தமா, ஒரு பக்கம் லேசா வரும். அந்த வளைவுல ஈரம் நின்னு காயறத பாத்துட்டே இருக்கலாம். பிடிச்ச வேலைதான். இப்ப பென்சிலத் தொடவே பிடிக்கல.

ஒருத்தன் ஒரு வேலை சொன்னான்க்கா. அவங்கம்மாவுக்கு அஞ்சலி அட்டையாம். வாசல்ல நிறுத்தி வைக்கிற அளவுக்குப் பெருசா. அன்பின் சிகரமே, எங்களை விட்டு எங்கே சென்றாயோன்னு எழுதணும். கீழ இவன் பேரு, பேருக்குப் பின்னாடி இவன் படிச்ச படிப்பு பூரா. அம்மா பேர விட அது ஒரு சுத்து பெருசா இருக்கணுமாம். சரி, தேதி என்னன்னு கேட்டேன். அதுக்கு எடம் மட்டும் விட்டு வைன்னான்.

ஆமாக்கா, உசுரோடதான் இருக்காங்க. அப்ப நெனவில்லாமக் கெடந்தாங்க, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்னு டாக்டரே சொல்லியிருந்தாரு. இவன் என்னடான்னா, அந்த நேரத்துல யாரு அலையறது, கலர் காயவும் நேரமாகும், இப்பவே முடிச்சு வைங்கறான். அதுலயும் ஊதாதான் வேணுமாம். போட்டோல எடுப்பா இருக்குமாம். தூ.

எழுதாமயா? எழுதினேன். அவன் சொல்லி நான் முடியாதுன்னு சொன்னதே இல்லக்கா. அன்பின் வரைக்கும் எழுதிட்டு ஈர பிரஷ்ஷ ஓட்டினேன். கலர் கசிஞ்சு பரவுச்சு பாருங்க, அதுக்கு மேல முடியல. அட்டையத் தூக்கிட்டுப் போயி கொழாயத் தொறந்து விட்டுட்டேன். விரலாலயே தேச்சுத் தேச்சு, ஒரு எழுத்து இல்லாம.

அது சரி, வெளியாளா இருந்தா மூஞ்சியிலேயே கதவச் சாத்தியிருப்பேனே. எங்கண்ணன்க்கா அவன். கூடப் பொறந்தவன்.

இந்த ரூம்லதான் இருக்காங்க அம்மா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, காலையில கண்ணு முழிச்சாங்க. அன்னிக்கு அவங்க கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டுதான் அவன் அட்டை பத்தி அம்புட்டும் பேசினான். மயக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன கேக்கப் போவுதுன்னு நானும் கேட்டுட்டு நின்னேன். முழிச்ச உடனே அம்மா தண்ணி கூடக் கேக்கல. என் கையப் புடிச்சு, அவன உள்ள விடாதடின்னாங்க.

அதான் உள்ள போகாம வாசலையே காத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தா, பழக்கூடையோட வரான் பாருங்க, வெள்ளச் சட்ட. அவன்தான். கொஞ்சம் காலை மடக்கிக்கோங்கக்கா, நான் எந்திரிக்கணும்.