எதுலயும் நுழையாத கூடு

அதைக் கீழ வை தம்பி. வைன்னு சொல்றேன்ல. தோட்டாக்கூட்டோட கழுத்தை மட்டும் அழுத்துற அச்சு உனக்கு எதுக்கு? யாரு, யூட்யூப்ல அந்தத் தாடிக்காரன் சொன்னானா? நல்லாச் சொன்னான் போ. இந்த மொன்டானாவுல தாடி வளர்த்தவன் எல்லாம் வாத்தியார் ஆயிட்டான்.

சரி, நீ சுட்ட காலிக்கூடு எங்க? என்னது, சுடுற மைதானத்துல பொறுக்கினதா? அட கடவுளே! எவனெவன் துப்பாக்கியிலயோ வெடிச்ச கூட்டை அள்ளிட்டு வந்து, கூட்டாளி அச்சுல கழுத்தை மட்டும் அழுத்தி, மருந்தும் குண்டும் போட்டுட்டு, இப்ப துப்பாக்கியோட போல்ட் மூடலைன்னா எப்படிய்யா மூடும்? வெடிக்கிறப்ப பித்தளை உப்பி, அந்தத் துப்பாக்கியில தோட்டா உக்கார்ற அறை அளவுக்கே ஆயிடும். அடுத்தவன் செருப்பு உன் காலுக்குச் சேருமா? முழுக்கூட்டையும் அழுத்துற அச்சு வாங்கிட்டுப் போ. விலையும் கம்மி.

குறி தப்புமா? யாரு, நீ பெரிய குறிகாரன்! சனிக்கிழமை வேட்டை சீசன் திறக்குது. பனியில நின்னு போல்டைக் குத்திக்கிட்டே இருப்ப, எல்க் மான் உன்னை வேடிக்கை பாத்துட்டுப் போகும்.

இன்னும் நம்பிக்கை வரலையா? உன்னை மாதிரி ஆளுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். இந்தா. காலிக்கூடுதான், பயப்படாத. என் சொந்தத் துப்பாக்கியில சுட்டு, கழுத்தை மட்டும் அழுத்தினது. அந்த அறையை எவனோ குடிச்சுட்டுக் கடைஞ்சிருக்கான், அவ்வளவு அகலம். வேற எதுலயும் இது நுழையாது. இதை வச்சு எத்தனை பேர் மானத்தை வாங்கியிருக்கேன் தெரியுமா?

அந்தத் துப்பாக்கியா? திருட்டுப் போச்சு. இந்தக் கடையில வேலை பாத்தானே எல்டன், அந்தக் கிழட்டு நாய்தான். மூணு மாசமா ஜெயில்ல கிடக்கான். திங்கக்கிழமை கோர்ட்டு. நான் போய் நாலு வார்த்தை சொன்னா அஞ்சு வருஷம் உள்ள இருப்பான். எடுக்கலை எடுக்கலைன்னு அழுறானாம், அழட்டும்.

உன் துப்பாக்கியை உறையில இருந்து எடு. உன்னுதும் இதே தோட்டாதானே? ஐய, இது என்ன கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, விளையாட்டுச் சாமான் மாதிரி! கொடு, நானே போடுறேன். பாரு, இப்ப பாதியில முக்கும் பாரு.

இரு.

மூடிக்கிச்சு.

இன்னொரு தடவை. ம். வெண்ணெய் மாதிரி மூடுது. வெளிச்சத்துல கொஞ்சம் திருப்பிப் பிடி, நம்பரைப் பாக்குறேன். நம்பரும் என்னுதேதான், கட்டையை மட்டும் மாத்தியிருக்கு.

ஏய், எங்க எந்திரிக்கிற? உன்னைத் திருடன்னு யாரு சொன்னா? உக்காரு. யார்கிட்ட வாங்கின? நரைச்ச தலையா, கால் தாங்கி நடப்பானா? இல்லையா? இளவட்டமா? என்ன வண்டியில வந்தான்? நீல பிக்கப்... பின்கதவு இருந்துச்சா? கயிறு கட்டியிருந்துச்சா.

சிரிச்சுச் சிரிச்சுப் பேசினானா? பேசுவான், பேசுவான். எல்டன் தூக்கிட்டுப் போனதைக் கண்ணால பாத்தேன்னு ஷெரிப்கிட்டயும் அப்படித்தான் நல்லாப் பேசினான். அந்தப் பேச்சை நம்பித்தான நானும் அந்தக் கிழவன் மூஞ்சியில ஊர் முன்னாடி துப்பிட்டு வந்தேன்.

இல்ல தம்பி, தேடிப் போக வேண்டாம். பின்னாடி ரூம்லதான் இருக்கான். நீ மூஞ்சியைப் பாத்து ஆமான்னு சொல்லு, போதும்.

டேய் கோல்பி! அம்மா கூப்பிடுறேன், தின்னது போதும், எந்திரிச்சு வா. உன்கிட்ட துப்பாக்கி வாங்கினவர் வந்திருக்கார்.