திரையில் வந்த சிவப்பு வரி

கார் வாங்கப் போகிறவர் யாரும் உண்மையில் யோசனை கேட்டு வருவதில்லை. மனதுக்குள் எப்போதோ வாங்கி முடித்துவிட்ட காருக்கு ஒரு தலையசைப்பு வாங்கிப் போகத்தான் வருகிறார்கள். அம்மானின் பயாதிர் பகுதியில் கார்களைப் பரிசோதித்துச் சொல்லும் கடை வைத்திருக்கும் எனக்கு இது தெரியாததல்ல. என் மனைவி ருதைனாவின் தம்பி ஃபவ்வாஸ் அந்தச் சீனக் காரைப் பற்றிக் கேட்ட அன்று நானும் தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டாமல் விட்டதில் தப்பில்லை ஐயா. தப்பு அதற்குப் பிறகு வந்தது.

முதலில் காருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அது பிளக்-இன் ஹைப்ரிட். வீட்டில் சார்ஜ் போட்டு மின்சாரத்தில் ஓட்டலாம். தூரம் போனால் பெட்ரோல் இன்ஜின் கைகொடுக்கும். ஃபவ்வாஸுக்கு அம்மானில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் வேலை. மலைமேல் இருக்கும் ஸல்ட்டிலிருந்து போய் வருவதற்கு மின்சாரமே தாராளம். ஜப்பான் காருக்குக் கேட்கிற விலையில் பாதிதான். தோல் இருக்கை, மேலே கண்ணாடிக் கூரை, முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் திரை. குறைகளும் இருந்தன. கம்பெனியின் ஏஜென்ட் மூலம் வந்த கார் அல்ல. ஸர்க்கா வரியில்லா மண்டலத்தில் மிஷ்அல் என்கிற வியாபாரி நேரே சீனாவிலிருந்து இறக்கியது. உத்தரவாதம் என்பது மிஷ்அலின் வாய்ச்சொல். திரையில் பாதியைத்தான் அரபிக்கு மாற்றிக் கொடுத்திருந்தான். எச்சரிக்கைகள் எல்லாம் சீன எழுத்திலேயே வரும்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரிக் கார் மலை இறங்கும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த வேகத்தை பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் சேர்க்க இடமில்லை. மோட்டார் கையை விரித்துவிடும். பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். உச்சியில் வீடு இருப்பவர்கள் முழுதாகச் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கக் கூடாது. இதை ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டில் மன்சஃப் கறிச்சோற்றுத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நான்தான் விளக்கினேன். யாரும் கவனிக்கவில்லை. ஃபவ்வாஸ் சோற்றை உருட்டிக்கொண்டே சிரித்தான்.

"மச்சான், நீ சொல்றதப் பாத்தா கார் வாங்கப் போறேனா, கழுதைப்புலியக் கட்டி மேய்க்கப் போறேனான்னே தெரியல."

"மாப்ளே, கார் நல்லாத்தான் இருக்கும். ஆனா ஏதாவது ஒண்ணு புட்டுக்கும். அன்னிக்கு மிஷ்அல் போனை எடுக்க மாட்டான்."

"அவன் எடுக்கலேன்னா நீ எடுப்பேல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அந்தச் சூட்டில் ஒன்று சொல்லிவிட்டேன். "எல்லாரும் சாட்சி. இந்தக் கார் இவன நடுரோட்ல நிறுத்தும். அன்னிக்கு வந்து என்கிட்ட பேசுங்க."

கார் நிற்கவில்லை. பனி பெய்த நாளிலும் நிற்கவில்லை. அகபா வரை போய்த் திரும்பியது. ஃபவ்வாஸ் எனக்கு ‘அபூ பெட்ரோல்’, பெட்ரோலுக்கு அப்பன், என்று பேர் வைத்தான். என் பழைய கார் மேட்டில் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் சத்தமே இல்லாமல் வந்து, கண்ணாடியை இறக்கி, "என்ன அபூ பெட்ரோல், தள்ளணுமா?" என்பான். குடும்ப வாட்ஸ்அப்பில் ஓடிய தூரத்தைப் படம் எடுத்துப் போடுவான். கீழே, "இன்னும் நிக்கல." கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. அவனுக்கு எல்லாமே விளையாட்டு. நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போடுவேன்.

பிறகு ஒருவர் பின் ஒருவராக உறவில் எல்லோரும் அதே காரை வாங்கினார்கள். எவரும் என்னிடம் காட்டவில்லை. என் சொந்தப் பெரியப்பா மகன் வேறு கடையில் பரிசோதனை செய்துகொண்டு போனான். "நீங்க எப்படியும் வேணாம்னுதான் சொல்வீங்க அண்ணே," என்றான், மரியாதையாகத்தான். ருதைனா ஒருநாள் சொன்னாள்: "ஒரே ஒரு தடவ, நான் சொன்னது தப்புன்னு சொல்லிச் சிரிச்சிடுங்களேன். முடிஞ்சுபோற கதை." சின்ன விஷயம். என்னால் முடியவில்லை. வழியில் எந்தச் சீனக் கார் ஓரங்கட்டி நின்றாலும் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பேன். டயர் மாற்றிக்கொண்டிருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஃபவ்வாஸ் கடை வாசலில் வந்து நின்றான். காரைவிட்டு இறங்கவில்லை. பின் இருக்கையில் அவன் மகள் ஜூத், பள்ளிச் சீருடையோடு, எள் ஒட்டிய கஅக் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. என் மகள் தீமாவுக்கும் அதே வயதுதான்.

"மச்சான், இத என்னன்னு கொஞ்சம் பாரு. காலையிலேருந்து செவப்பா என்னமோ எழுதிட்டே இருக்கு. டீ டீன்னு கத்துது வேற."

கேலிக்கு ஆயிரம் பேர் இருந்தாலும், விளக்கு எரிந்தால் அவன் என்னிடம்தான் வந்தான். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் போனைத் திரைக்கு முன் பிடித்தேன். சீன எழுத்துகள் ஒரு நொடி கலங்கி அரபியாக மாறின. ‘பிரேக் எண்ணெய் மிகக் குறைவு. வண்டியை ஓட்ட வேண்டாம்.’

போனின் முகம் என் பக்கம் இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன சொல்லுது?"

கடைசியில் ஒன்று போயிருக்கிறது என்று நினைத்தேன். கடைக்குள் தூக்கி நிறுத்தினால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். சரிசெய்தால் அவன் என் தோளைத் தட்டி, சின்ன வேலை என்று எல்லோரிடமும் சொல்வான். வாட்ஸ்அப்பில் மறுபடியும் படம் வரும்.

முன் இருக்கைகளின் நடுவே ஜூத் தலையை நீட்டினாள். "மாமா, கார் கோவமா இருக்கா?"

"இல்லடா கண்ணு. அதுக்குப் பசிக்குதாம்." பிறகு அவனிடம் சொன்னேன்: "பேட்டரி சரியா நெறயலேன்னு சொல்லுது மாப்ளே. நைட்டு முழுசாச் சார்ஜ் போடு. போயிடும்."

"அவ்ளோதானா? நான் பயந்தே போயிட்டேன். சரி, நாளைக்குக் கீழ ஷூனாவுக்குப் பிக்னிக் போறோம்ல, கரி நீ கொண்டு வந்துடு. ஆட்டுக்கறி என் பொறுப்பு."

"சரி," என்றேன்.

அவன் கையசைத்துவிட்டுப் போனான். பசி என்ற சொல் குழந்தைக்காக வாயில் வந்தது. சார்ஜ் அதைத் தொடர்ந்து வந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸல்ட்டில் அவன் வீட்டு வாசலிலிருந்தே இறக்கம் தொடங்குகிறது என்பதும், மறுநாள் நிறைந்த பேட்டரியோடு வாதி ஷுஐப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குவான் என்பதும் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. போனைக் கையில் எடுத்தேன். எப்படிச் சொல்வது? நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்றா? அவனிடம்? போனைக் கீழே வைத்துவிட்டேன். முதல் வளைவிலேயே பெடல் தொளதொளவென்று போகும், பயந்து ஓரங்கட்டுவான், பின்னால் வருகிற நான் இறங்கிப் போவேன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது சொல்ல வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருந்தேன். ‘பரவாயில்லை மாப்ளே, இதெல்லாம் சகஜம்’ என்று பெருந்தன்மையாகச் சொல்வதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர்கள் முன்னால் போனார்கள். ஃபவ்வாஸ், அவன் மனைவி ஹனாதி, பின்னால் ஜூத். நாங்கள் பின்னால். வெயில் இதமாக இருந்தது. பள்ளத்தாக்கில் பாதாம் பூத்திருந்தது. அவன் காரின் பின்விளக்குகள் அணையவே இல்லை.

ருதைனா கேட்டாள்: "ஏன் இவன் பிரேக்கிலேருந்து காலையே எடுக்க மாட்டேங்கறான்?"

"புதுசா ஓட்டப் பழகறவன் மாதிரி ஓட்டறான்," என்றேன்.

என் ஹாரன் வேலை செய்தது. விளக்கும் போனும் வேலை செய்தன. இன்னும் ஒரு வளைவு என்று காத்திருந்தேன். அந்த வளைவில் அவர்கள் திரும்பவில்லை. ஓரத்துத் தாழ்ந்த சுவரை உடைத்துக்கொண்டு போனார்கள். ஃபவ்வாஸுக்கும் ஜூத்துக்கும் அங்கேயே உயிர் போய்விட்டது. ஹனாதியை நான்தான் வெளியே இழுத்தேன். அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

துக்க வீட்டில் கசப்புக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "நீ அன்னிக்கே சொன்னியே அபூ தீமா. எவன் கேட்டான்?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்தார்கள். உள்ளே எங்கோ ஓர் ஓரத்தில் இதமாக இருந்தது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் இருந்தது.

பிறகு போலீசார் நொறுங்கிய காரைப் பார்த்துச் சொல்ல என்னையே கூப்பிட்டார்கள். பார்த்தேன். ஏதோ ஒரு பட்டறையில் அடித்தகட்டைக் கழற்றி மாட்டும்போது பிரேக் குழாயின் கிளிப் ஒன்றைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். குழாய் தகட்டில் உரசி உரசிக் கசிந்திருக்கிறது. எந்த நாட்டுக் காராக இருந்தாலும் கசிந்திருக்கும். ஊருக்குள் மோட்டாரே இழுத்துப் பிடித்ததால் அவனுக்குத் தெரியவில்லை. கார் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. காலையிலிருந்து கத்தியிருந்தது. நான் போலீசாரிடம், இது தயாரிப்புக் கோளாறு, விற்றவன் தெரிந்தே மறைத்திருக்கிறான் என்றேன். மிஷ்அலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் கடைசிவரை என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க வேல தெரிஞ்சவரு, நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நன்றாகப் பார்த்துத்தான் சொன்னேன் என்றேன்.

என் கடை வாசலில் கார்கள் வரிசை கட்டின. பெரியப்பா மகனும் வந்தான். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். நன்றாக ஓடும் கார்களைக்கூட அடிவிலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

போன வாரம் ஹனாதி ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். ஜூத்தின் உடுப்புகளைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். தீமாவுக்குச் சரியாக இருக்கும் என்றாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தான் அண்ணா எங்களுக்கு நல்லது சொன்னீங்க. நாங்க சிரிச்சோம். மன்னிச்சிடுங்க."

அவள் மன்னிப்புக் கேட்டாள். நான், "பரவாயில்லைம்மா," என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால்தான் வாக்குமூலம் கொடுக்க உங்களிடம் வந்தேன். மிஷ்அலை விட்டுவிடுங்கள்.

இதுவரை கேட்டுவிட்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள்: வண்டி வழியில் நிற்கும், அவமானப்படுவான் என்று நினைத்தீர்கள், உயிருக்கு ஆபத்து வரும் என்று நினைக்கவில்லை, அப்படித்தானே? நான் ஆமாம் என்றேன். உங்கள் எழுத்தர் அதைத் தட்டச்சு செய்ததைப் பார்த்தேன். இத்தனை மாதமாக நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதை நீக்கிவிடச் சொல்லுங்கள்.

அன்று காலை புறப்படுவதற்கு முன் தீமா ஓடிப்போய் அவர்கள் காரில், ஜூத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இருவரும் ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கரி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

"எறங்கு. நம்ம கார்ல வா."

"ஏன்ப்பா? நான் ஜூத்தோட வரேன்."

"வளைவுல உனக்குத் தலை சுத்தும். எறங்குன்னா எறங்கு."

அவளுக்கு ஒருநாளும் தலை சுற்றியதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். ஃபவ்வாஸ் திரும்பிப் பார்த்து, "விடு மச்சான், கொழந்தைங்கதானே," என்றான். ஜூத், "நானும் உங்க கார்ல வரட்டா மாமா?" என்று கேட்டாள்.

இடமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இடம் இருந்தது.