சசிரேகா போட்ட விதை

— அந்தக் கொடியப் புடுங்காத சசி. இன்னும் ரெண்டு நாளு பாக்கலாம் புள்ள.

— பாத்து என்னுங்க பண்ணறது? இலையெல்லாம் சுருண்டு வெளுத்துக் கெடக்குது. போன வாரம் இதே பீன்ஸு பூவும் பிஞ்சுமா நின்னுதுங்க.

— தண்ணி பத்தலையோ என்னமோ.

— பத்தாம என்ன? கொழாயில தண்ணி வராத அன்னிக்கு, நான் குளிக்காம இதுக்கு ஊத்துனேன். காட்டெருமை வரும்னு இருக்கற பழைய சேலையெல்லாம் சுத்திக் கட்டுனேன். தட்டக் கொட்டிக் கொட்டிக் கொரங்கத் தொரத்துனேன்.

— தெரியும் புள்ள.

— உங்களுக்கு எங்கீங்க தெரியும்? விடிஞ்சா எஸ்டேட்டுக்குப் போயிருவீங்க. மொளச்ச அன்னிக்கு நான் இங்கயே குத்த வெச்சு உக்காந்திருந்தேன். காப்பித் தோட்டம் பூரா பூத்து வாசம் தூக்குது. இங்க ஒவ்வொரு மொளையும் மண்ண நெம்பிக்கிட்டு, வெதையத் தலையில தூக்கிக்கிட்டு எந்திரிக்குது. அழுகையே வந்திருச்சுங்க. நான் போட்டு மொளச்சது அதுதான் மொதோ தடவ.

— அட உடு. வருசா வருசம் மொளைக்கறதுதான.

— அது பொன்னாயிக்கா போட்டதுங்க. இந்த எஸ்டேட்டு லைன் ஊடுகள்ல ஆரு தோட்டமா இருந்தாலும் மொதோ வெத அந்தக்காதான் போடோணும். நாலு புள்ள பெத்த கையாம். இந்தப் பங்குனிக்கு அது மாரமங்கலத்துல மக ஊட்டுக்குப் போயிட்டதால நானே போட்டேன்.

— அதெல்லாம் ஒரு பேச்சா? அந்தக்கா போட்டதும்தான் போன வருசம் கருகுச்சு.

— அப்ப என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "வெத போட்ட கை நல்ல கைதான் கண்ணு, தண்ணி ஊத்துன கைதான் செரியில்ல"ன்னுச்சு. லைன்ல அத்தன பேரும் நின்னு கேட்டாங்க.

— வாய்க்கு வந்தத சொல்லுறதுக்கெல்லாம் நீ...

— சொன்னதுல என்னுங்க தப்பு? மூணு தடவ முழுகாம இருந்தேன். ஒண்ணாச்சும் நாலாவது மாசத்தப் பாத்துச்சா? இப்ப பாருங்க, இதுவும் பிஞ்சோட போச்சு.

— செரி, அது கெடக்கட்டும். உன் தங்கச்சி போன் பண்ணுச்சே, என்ன சொன்ன? பதினோரு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறதானே?

— போகலைங்க. பைய அவுத்துட்டேன்.

— என்ன புள்ள நீயி! கனகாவுக்கு நாளைக்கோ நாளன்னிக்கோ வலி வந்துரும். அம்மா இல்லாத புள்ள. உன்ன உட்டா அதுக்கு ஆரு இருக்கா?

— அதனாலதாங்க போகலை. மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சிருந்தேன். நான் போட்ட வெத காய் புடிச்சா போறது. இல்லாட்டி அந்தக் கொழந்த பக்கமே போறதில்ல. காய் புடிக்கல. கனகா ஊட்டுலயாச்சும் ஒண்ணு நல்லா இருக்கட்டும்.

— சசி.

— உடுங்க, நான் புடுங்கோணும்.

— உன் கையி இல்ல புள்ள. என் கையி.

— என்ன சொல்றீங்க?

— போன சனிக்கிழமை இலைக்கு டானிக் அடிச்சனே.

— ஆமா. பூ நல்லா நிக்கும்னீங்க.

— அடிச்சது எஸ்டேட்டு ஸ்ப்ரேயர்ல. காப்பிக்கு அடியில களை கருக புல்லு மருந்து அடிக்கறமே, அதே டேங்கு. ரெண்டு தடவ அலசுனேன், போதும்னு நெனச்சுட்டேன். நேத்து தொரை பங்களாவுல நான் அடிச்ச டேலியாப் பூச்செடியும் இதே மாதிரி சுருண்டுருச்சு. எஸ்டேட்டு ரைட்டர் கிறிஸ்துதாஸ் வந்து கத்தறாரு. "புல்லு மருந்து ஊத்துன டேங்குல எத்தன தடவ அலசுனாலும் மருந்து நிக்கும். இதுல பூச்செடிக்கு அடிச்சியாடா"ன்னு.

— நேத்தே தெரியுமா உங்களுக்கு?

— ராத்திரி பூரா சொல்லப் பாத்தேன். வாய் வரல.

— போன வருசம்?

— அதே ஸ்ப்ரேயர்தான்.

— அதுக்கு முந்தி?

— நான் மருந்தடிக்கற கேங்குக்கு மாறி எட்டு வருசமாச்சு புள்ள. எட்டு வருசமும் நாந்தான் அடிச்சேன். நீ ஆசையா வளத்த செடி, நல்லா வரட்டும்னுதான்...

— அப்ப என் கையி இல்லீங்களா?

— இல்ல.

— சத்தியமா?

— சேர்வராயன் மேல சத்தியம். பொன்னாயிக்கா வரட்டும், லைன்ல எல்லாத்தையும் கூட்டி வெச்சே சொல்றேன். ஏன் புள்ள, சிரிக்கறியா, அழுகறியா?

— ரெண்டுந்தாங்க. எத்தன வருசமா எவ ஊட்டுக் கொழந்தையையும் தூக்காம இருக்கறேன் தெரியுங்களா? பக்கத்துல வந்தாலே கையப் பின்னால கட்டிக்குவேன்.

— இனி கட்டாத. போயி உன் தங்கச்சி புள்ளைய நீயே மொதல்ல வாங்கு. நட, பைய நான் கட்டறேன். ஒண்டிக்கடை வரைக்கும் வந்து பஸ் ஏத்தி உடறேன்.

— என் பச்சைச் சேலைய எடுத்து வையுங்க. அந்த வெள்ளத் துண்டும். கொழந்தைக்கு ஆகும்.

— ஆகட்டும்.

— பத்து நாளாயிருங்க நான் வர. சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?

— அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.

— துணியெல்லாம் சேத்து வையுங்க, வந்து தொவச்சுப் போடறேன்.

— செரி, நட. ஏன் புள்ள நின்னுட்ட? பஸ்ஸுக்கு நேரமாகுது.

— ஏனுங்க...

— என்ன?

— ரெண்டு தடவ அலசியும் டேங்குல நின்ன மருந்து, துணியில நிக்காதுங்களா?

— ஏன் கேக்கற?

— மூணு தடவையும் முழுகாம இருந்தப்ப, மருந்தடிச்சுட்டு வந்த உங்க சட்டையெல்லாம் நாந்தாங்க தொவச்சேன்.